மதுவும் வெண்ணெயும் அவுரியும்: சேதனச் சேர்வைகள் பெயர் பெற்ற வரலாறு

சேதன இரசாயனத்தைக் கற்கப் புகும் மாணவன் முதல் வாரத்திலேயே நான்கு சொற்களை மனனஞ் செய்கிறான்: மெதேன், எதேன், புரொப்பேன், பியூற்றேன். மூலக்கூறில் ஒரு காபன் அணுவுடையது முதலாவது; நான்கு காபன் அணுக்களுடையது நான்காவது. ஐந்தாவதிலிருந்து அவனுக்குச் சங்கடமில்லை. பென்ரேன், எக்சேன், எப்ரேன், ஒக்ரேன் என்பன ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்னும் கிரேக்க எண்ணுப் பெயர்களின் வழி வந்தவை. அவ்வாறாயின் முதல் நான்கும் ஏன் எண்களாக இல்லை? இக்கேள்வியைக் கேட்கும் மாணவன் வகுப்புக்கு ஒருவனேனும் இருப்பான். "அது அப்படித்தான், பாடமாக்கு" என்பதே பெரும்பாலும் அவனுக்குக் கிடைக்கும் விடை. இக்கட்டுரையாளனும் அவ்விடையைப் பெற்றுக்கொண்டு வாங்கில் அமர்ந்தவனே.

நமது இலக்கண நூலார் பெயர்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரண்டாக வகுத்தனர். மேற்கூறிய நான்கும் மாணவனுக்கு இடுகுறிப் பெயர்களாகத் தோன்றுகின்றன. உண்மையில் அவை காரணம் மறக்கப்பட்ட காரணப் பெயர்கள். அக்காரணங்களைத் தேடிச் செல்வோமாயின், ஆய்வுகூடத்தை மட்டுமன்றி, சாராயம் வடிப்போரையும் பாற்பண்ணையையும் சவர்க்காரத் தொழிற்சாலையையும் அவுரி வயலையும் காண வேண்டியவராவோம்.

1834ஆம் ஆண்டில் டூமா, பெலிகோ என்னும் இரு பிரெஞ்சு இரசாயனவியலாளர் மரத்தை வடித்துப் பெறும் திரவமொன்றை ஆராய்ந்தனர். அது திராட்சை மதுவிலுள்ள அற்ககோலைப் பெரிதும் ஒத்திருந்தது. ஆகவே மதுவைக் குறிக்கும் 'மெதி', மரத்தைக் குறிக்கும் 'ஹைலி' என்னும் கிரேக்கச் சொற்களைப் புணர்த்தி 'மெதிலீன்' என்றொரு சொல்லை ஆக்கினர். ('ஹைலி' என்பது காட்டையும் விறகையும் பொதுவாகச் சடப்பொருளையும் குறிக்குமேயன்றி இங்கு அத்துணைப் பொருத்தமானதன்று என மொழியறிஞர் பிற்காலத்திற் குறை கூறினர். இரசாயனவியலாளர் அதனைப் பொருட்படுத்தவில்லை.) அதிலிருந்தே மெதைல் வந்தது, மெதேன் வந்தது. கிரேக்கத்து 'மெதி'யும் வடமொழி 'மது'வும் ஒரே மூலத்திற் பிறந்த சொற்கள் என்பர் மொழியியலார். ஆகவே சதுப்பு நிலத்தில் எழும் வாயுவாகிய மெதேனின் பெயருக்குள் நாம் நன்கறிந்த மது ஒளிந்திருக்கிறது.

இது வேடிக்கையான செய்தியாக முடிந்துவிடுவதில்லை. 'மரத்தின் மது' எனப்பட்ட அத்திரவம் கண்ணைக் குருடாக்கும் நஞ்சு. மெதனோல், எதனோல் என்ற இரு சொற்களுக்கும் இடையே ஓரெழுத்தின் வேறுபாடுதான் உண்டு. குடித்தவனுக்கோ அது உயிருக்கும் மரணத்துக்குமான வேறுபாடு. 2024 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் அன்றாடக் கூலிக்கு உழைத்தவர்கள். விற்றவன் அதனை மது என்றே விற்றான்.

எதேன் வானத்திலிருந்து வந்தது. மேலுலகின் தூய காற்றுக்குக் கிரேக்கர் வழங்கிய 'ஈதர்' என்ற பெயரை, திறந்து வைத்தால் நொடியில் ஆவியாய் மறையும் ஒரு திரவத்துக்கு 18ஆம் நூற்றாண்டில் இட்டனர். அவ்வீதரிலிருந்து 1834இல் லீபிக் 'எதைல்' என்ற சொல்லைப் படைத்தார். புரொப்பேன் என்பதன் மூலம் 'முதற் கொழுப்பு' என்பது. கொழுப்பமிலங்களின் இயல்பைக் காட்டும் வரிசையில் முதலாவது என்ற கருத்தில் 1847இல் டூமாவும் அவர்தம் தோழரும் புரொப்பியோனிக்கமிலத்துக்கு அப்பெயரைச் சூட்டினர். பியூற்றேன் வெண்ணெயின் பெயர். நாட்பட்ட வெண்ணெயின் ஊசல் நாற்றத்துக்குக் காரணமான அமிலத்தைப் பிரித்தெடுத்த செவ்ரேல், வெண்ணெயைக் குறிக்கும் சொல்லைக்கொண்டே அதனைப் பியூற்றிரிக்கமிலம் என்றார். அந்த அமிலத்தில் நான்கு காபன்கள் இருந்தமையால், நான்கு காபனுடைய எல்லாவற்றுக்கும் வெண்ணெயின் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்று சமையலறையில் நிற்கும் எரிவாயுச் சிலிண்டருள் இருப்பவை, பெயரளவில், கொழுப்பும் வெண்ணெயுமே.

செவ்ரேலைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். 1811 முதல் 1823 வரை அவர் சவர்க்காரத்தையும் விலங்குக் கொழுப்பையும் ஆராய்ந்தார். மலிவான நல்ல மெழுகுதிரியும் சவர்க்காரமும் வேண்டிநின்ற கைத்தொழில் யுகம் அது. அவருடைய ஆராய்ச்சியின் பயனாகவே ஸ்தியரிக்கமில மெழுகுதிரிகள் தோன்றின. அக்காலத்தில் ஒரு சேர்வையின் உட்கட்டமைப்பை அறிய வழியில்லை; எங்கிருந்து கிடைத்தது என்பதையே அறிய முடிந்தது. எனவே எறும்பை வடித்துப் பெற்றது எறும்பின் இலத்தீன் பெயரால் போமிக்கமிலமாயிற்று. வினாகிரியிற் கிடைத்தது அசற்றிக்கமிலமாயிற்று. புளித்த பாலிலிருந்து இலற்றிக்கமிலம், ஆப்பிளிலிருந்து மலிக்கமிலம், பாமெண்ணெயிலிருந்து பாமிற்றிக்கமிலம். வெள்ளாட்டின் பெயரிலே கப்ரோயிக், கப்ரிலிக், கப்ரிக் என மூன்று அமிலங்கள் உள்ளன. மூன்றுக்கும் ஆட்டு நாற்றம் உண்டு.

இப்பெயரிடும் முறையில் ஓர் அநீதியும் உண்டு. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய அரைப்பங்கு ஒரே அமிலம். அதற்குத் தேங்காயின் பெயர் இல்லை. லோரிக்கமிலம் என்பதே அதன் பெயர். மத்தியதரைக் கடற்கரையில் வளர்வதும், வெற்றி வீரருக்கும் கவிஞருக்கும் ஐரோப்பியர் மாலையாகச் சூட்டியதுமான லோரல் மரத்தின் காய்க் கொழுப்பில் 1842ஆம் ஆண்டளவில் அது முதலிற் காணப்பட்டதே காரணம். தென்னை கோடிக்கணக்கில் வளரும் நாட்டு மாணவன் தன் வீட்டு எண்ணெயின் பிரதான அமிலத்தைத் தான் ஒருபோதும் கண்டிராத மரமொன்றின் பெயரால் அறிகிறான். முதலிற் கண்டவன் பெயரிடுவான் என்ற நியதியின்கீழ், ஆய்வுகூடம் எங்கிருந்ததோ அங்குள்ள மரத்துக்கே பெயர் கிடைத்தது.

அசேதனப் பொருள்களைப் பொறுத்தமட்டில் இக்குழப்பம் முன்னரே தீர்க்கப்பட்டிருந்தது. 1787இல், பிரெஞ்சுப் புரட்சிக்கு இரண்டாண்டுகள் முன்னதாக, குய்தோன் த மோர்வோ, லவோசியே, பெர்தொலே, பூர்குருவா ஆகிய நால்வரும் இரசாயனப் பெயரிடலுக்கு ஒரு முறையை வெளியிட்டனர். அதன் பின்னர் ஒரு சேர்வையின் பெயரைக் கேட்டவுடனேயே அதிலுள்ள மூலகங்களை அறியலாம். ஆயின் சேதனச் சேர்வைகளுக்கு இது உதவவில்லை. காபன், ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் என்னும் விரல்விட்டெண்ணத்தக்க மூலகங்களே இலட்சக்கணக்கான சேர்வைகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. மூலகங்களும் அவற்றின் அளவுகளும் ஒன்றாகவே இருந்தும் பொருள்கள் வேறாயிருக்கும் விந்தை 1820களில் வெளிப்பட்டது. 1830இல் பேர்சீலியசு இதற்குச் சமபகுதியம் என்னும் கருத்தை வகுத்தார். குடிக்கும் அற்ககோலும் ஒருவகை ஈதர் வாயுவும் ஒரே எண்ணிக்கையான காபன், ஐதரசன், ஒட்சிசன் அணுக்களால் ஆனவை. அணுக்கள் இணைந்திருக்கும் ஒழுங்குதான் வேறு. அவ்வொழுங்கு தெரியாதவரை பெயரிடுவதற்குப் பிடிமானமில்லை. 1861இல் கெக்குலே தம் பாடநூலில், அசற்றிக்கமிலம் என்ற ஒரே பொருளுக்கு அன்று வழங்கிய பத்தொன்பது வெவ்வேறு சூத்திரங்களை நிரல்படுத்திக் காட்டினார்.

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள் இருந்தமைக்கு அனிலீனின் கதையே மிகச் சிறந்த சான்று. 1826இல் உன்வெர்டோர்பன் என்பவர் அவுரி நீலத்தை வடித்து எண்ணெய் போன்றதொரு பொருளைப் பெற்று அதற்குக் 'கிரிஸ்ரலின்' என்று பெயரிட்டார். 1834இல் றுங்கே நிலக்கரித் தாரில் ஒரு பொருளைக் கண்டு 'கியனோல்' என்றார். 1840இல் பிறிற்சே என்பார் அவுரி நீலத்தைப் பொற்றாசுடன் தாக்கி 'அனிலின்' பெற்றார். 1842இல் ருசியாவின் கசான் நகரில் சினின் நைத்திரோபென்சீனிலிருந்து 'பென்சிடாம்' என்ற பொருளை ஆக்கினார். நான்கு இடங்கள், நான்கு வழிகள், நான்கு பெயர்கள். 1843இல் ஹொப்மன் என்னும் இளம் ஆய்வாளர் நான்கும் ஒன்றே என்று நிறுவினார். நிலைத்த பெயர் அனிலீன். அது போர்த்துக்கேயர் அவுரி நீலத்துக்கு வழங்கிய 'அனில்' என்பதிலிருந்து வந்தது. அவர்களுக்கு அராபியர் மூலமும், அராபியருக்கு இந்தியாவின் 'நீலம்' என்ற சொல்லின் மூலமும் கிடைத்தது. ஆக, நம் நீலம் அரபிக் கடலையும் ஐரோப்பாவையும் சுற்றி வந்து அனிலீனாக நம் பாடநூலில் அமர்ந்திருக்கிறது.

அந்தச் சொல்லோடு பயணஞ் செய்தவர்கள் இரசாயனவியலாளர் மட்டுமல்லர். ஹொப்மன் அனிலீனை ஆராய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் வங்காளத்து உழவன் தன் நெல் வயலில் அவுரி விதைக்குமாறு வெள்ளைத் தோட்டக்காரரால் நிர்ப்பந்திக்கப்பட்டான். முற்பணம் என்ற பெயரில் ஒருமுறை கடன் வாங்கியவன் தலைமுறைக்கும் மீள முடியாத நிலை இருந்தது. 1859இல் நதியா, ஜெசூர் மாவட்டங்களின் உழவர் அவுரி விதைக்க மறுத்து எழுந்தனர். 1860இல் அரசு விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. தீனபந்து மித்ரா எழுதி அவ்வாண்டில் வெளிவந்த 'நீல தர்ப்பணம்' என்ற நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டமைக்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லோங் 1861இல் ஒரு மாதச் சிறைத்தண்டனையும் ஆயிரம் ரூபா அபராதமும் பெற்றார்.

இதே வேளை ஹொப்மனின் மாணவன் பேர்க்கின், 1856இல் தன் பதினெட்டாவது வயதில், மலேரியாவுக்கு மருந்தான குயினைனை ஆக்க முயன்று தோற்று, அனிலீனிலிருந்து ஊதாச் சாயமொன்றைப் பெற்றான். செயற்கைச் சாயக் கைத்தொழில் பிறந்தது. 1880இல் பேயர் அவுரி நீலத்தையே ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினார். 1897இல் ஜெர்மன் தொழிற்சாலையொன்று அதனைச் சந்தைக்கு அனுப்பியது. அவுரியின் விலை வீழ்ந்தது. உழவன் விடுதலை பெற்றானா எனில், அதுவும் இல்லை. பீகாரின் சம்பாரனில் தோட்டக்காரர் தம் நட்டத்தை உழவர் தலையிற் சுமத்தினர்; அவுரி விதைக்கும் கடமையிலிருந்து விடுவிப்பதற்கென்று அவர்களிடமே பணம் வாங்கினர். 1917இல் காந்தி அங்கு சென்றது இதன் தொடர்பாகவே. அனிலீன் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் இவற்றுள் ஒன்றையேனும் கூறினால் பாடத்திட்டம் குறைந்துவிடப் போவதில்லை.

மீண்டும் பெயரிடலுக்கு வருவோம். 1866இல், அப்போது புகழ்பெற்ற பேராசிரியராகிவிட்ட அதே ஹொப்மன் ஒரு யோசனையை முன்வைத்தார். ஐதரோக்காபன்களின் பெயரீற்றில் உயிரெழுத்தை மாற்றுவதன் மூலம் ஐதரசனின் அளவு குறைவதைக் காட்டலாம் என்பதே அது. அ, எ, இ, ஒ, உ என ஐந்து படிகளை அவர் கருதினார். நிலைத்தவை முதல் மூன்றுமே. எதேன், எதீன், எதைன் என இன்று நாம் வழங்குவது அதன் வழிவந்ததே. இதனைத் தமிழில் எழுதும்போது ஓர் அழகு புலப்படுகிறது. மெய் மாறாது உயிர்க்குறி மட்டும் மாற, காபன்களுக்கு இடையிலுள்ள பிணைப்பு ஒன்று, இரண்டு, மூன்று என மாறுகிறது.

சேர்வைகளோ பெருகிக்கொண்டிருந்தன. பைல்ஸ்ரைன் 1881இல் வெளியிடத் தொடங்கிய சேதனச் சேர்வைக் களஞ்சியத்தின் முதற் பதிப்பே 2,200 பக்கம் கொண்டது. அத்தகைய நூலில் ஒரு பொருளை எந்தப் பெயரின்கீழ்த் தேடுவது? 1889இல் பாரிசிற் கூடிய இரசாயனவியலாளர் இதற்கென ஒரு குழுவை நியமித்தனர். 1892 ஏப்ரில் 19 முதல் 22 வரை, பிரீடலின் தலைமையில், ஒன்பது ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்த 34 பேர் ஜெனீவாவிற் கூடினர். அவுரி நீலத்தை ஆக்கிய பேயர் அங்கிருந்தார். அணு நிறை பற்றிய குழப்பத்தை 1860இல் கார்ல்சுரூ மாநாட்டில் தீர்க்க வழிகாட்டிய கனிசாரோ, முதியவராய், அங்கும் வந்திருந்தார். ஆசியாவிலிருந்து ஒருவருமில்லை.

ஜெனீவாவில் எடுக்கப்பட்ட முடிவின் சாரம் எளிது. மூலக்கூறிலுள்ள மிக நீண்ட காபன் சங்கிலியைக் கண்டுபிடி. அதுவே பெயரின் பகுதி. அதன்மேல் அமைந்த தொழிற்பாட்டுக் கூட்டத்தை விகுதியாற் காட்டு: அற்ககோலாயின் 'ஓல்', அல்டிகைட்டாயின் 'அல்', கீற்றோனாயின் 'ஓன்', அமிலமாயின் 'ஓயிக்'. கிளைகள் எங்குள்ளன என்பதை எண்ணாற் குறி. நன்னூல் படித்த மாணவனுக்கு இதனை விளக்குவது மிக எளிது. பகுபத உறுப்பிலக்கணமே வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. முன்னர் 'ஐசோபியூற்றேன்' என்று சொல்லப்பட்டதை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு காபன்கள் உண்டெனினும் நேராகத் தொடர்வன மூன்றே. நான்காவது, நடுக்காபனிலிருந்து கிளைக்கிறது. எனவே அதன் பெயர் 2-மெதைல்புரொப்பேன். இப்பெயரை ஒருபோதும் கேட்டிராதவனும் இதைக்கொண்டு மூலக்கூறை வரைந்துவிடலாம். வரைபடத்தைக் கண்டவன் பெயரைத் தானே ஆக்கிவிடலாம். ஐசோபியூற்றேன் என்ற பெயரை ஆசானிடம் கேட்டே அறிய வேண்டும். அறிவைக் குருவின் நாவிலிருந்து இறக்கி, விதியைக் கற்ற எவனுக்கும் உரிமையாக்கியது என்ற வகையில் ஜெனீவா மாநாட்டை ஒரு சனநாயக மாற்றம் என்றே இக்கட்டுரையாளன் கொள்கிறான். லோரிக்கமிலமும் இவ்விதியின்படி டொடெக்கனோயிக்கமிலம் ஆகிறது. பன்னிரண்டு காபன் என்பதே அதன் பொருள். லோரலுக்கும் சலுகையில்லை, தென்னைக்கும் சலுகையில்லை.

ஆயினும் இவ்விதிகளை வகுத்தோர் தம் காலத்து அரசியலுக்கு அப்பாற்பட்டவர்களாக இருக்கவில்லை. முதல் உலகப் போரின் பின் 1919இல் தூய, பிரயோக இரசாயனத்துக்கான சர்வதேச ஒன்றியம் நிறுவப்பட்டபோது, போரில் தோற்ற ஜெர்மனிக்கு அதில் தொடக்கத்தில் இடமளிக்கப்படவில்லை. சேதன இரசாயனத்தின் பெரும்பகுதியை ஆக்கிய நாட்டை வெளியே நிறுத்திவிட்டுச் 'சர்வதேசம்' பேசினர். ஜெனீவா விதிகள் 1930இல் லியேசு நகரிலும், பின்னர் 1957இலும், அதன் பின் பன்முறையும் திருத்தப்பட்டன. 2013இல் வெளிவந்த விதித் தொகுப்பைப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. விதியின்படி எதனோயிக்கமிலம் எனப்பட வேண்டியது இன்றும் அசற்றிக்கமிலமாகவே முதன்மை பெறுகிறது. போமிக்கமிலமும் அனிலீனும் அவ்வாறே. வினாகிரியும் எறும்பும் நீலமும் விதிகளை வென்று நிற்கின்றன.

தமிழில் இப்பெயர்கள் புகுந்த வரலாறு தனியே எழுதத்தக்கது. மானிப்பாயில் மருத்துவங் கற்பித்த கிறீன் வைத்தியர் 1860களில் தம் மாணவருக்குத் தமிழிலேயே பாடஞ் சொன்னார். அவர் முயற்சியின் வழிவந்த 'கெமிஸ்தம்' என்ற நூல் 1875இல் வெளியாயிற்று. 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் ஐதரசன், ஒட்சிசன், காபன் என்ற வடிவங்களை இலங்கையில் நிலைநாட்டின. மூலகப் பெயர்களை மொழிபெயர்க்காது ஒலிபெயர்த்தது சரியே என்பது என் கருத்து. பகுதியும் விகுதியும் உலகெங்கும் ஒன்றாயிருந்தாலன்றி ஜெனீவா விதி பயன்படாது.

ஆனால் ஒரு சொல்லில் நாம் தவறினோம். இப்பாடத்தின் பெயரே அது. உயிருள்ளவற்றில் மட்டும் தோன்றும் பொருள்கள், உயிர்ச்சக்தியின்றி ஆக்க முடியாதவை, என்ற பழைய நம்பிக்கையிலிருந்து ஐரோப்பியர் இவ்வியலுக்கு ஒரு பெயரிட்டனர். அதனை நாம் 'சேதனம்', அதாவது உணர்வுடையது, என்று மொழிபெயர்த்தோம். 1828இல் வோலர் சிறுநீரில் உள்ள யூரியாவை, விலங்கின் சிறுநீரகமின்றி, அசேதன உப்பிலிருந்து ஆக்கியபோதே அந்நம்பிக்கை ஆட்டங்கண்டது. பெயர் மட்டும் எஞ்சியது. தமிழ்நாட்டார் 'கரிம வேதியியல்' என்று காபனைச் சுட்டிக் கூறுவது இவ்விடத்தில் நம்முடையதிலும் செவ்விது.

இது சொற்சண்டை எனக் கருதுவோர் 2021ஐ எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டு மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளைகளின் இறக்குமதியைத் தடைசெய்து, நாடு முழுவதும் 'சேதனப் பசளை'க்கு மாற வேண்டும் என்றது. கமத்தொழிலில் அச்சொல்லுக்கு உக்கிய இலைகுழையும் சாணமும் என்று வேறொரு பொருள் உண்டு. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயின் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட சேதனச் சேர்வைகளுள் புகழ்பெற்ற யூரியா, சேதனம் அல்லாதது என்ற பெயரில் துறைமுகத்திலேயே தடுக்கப்பட்டது. 'சேதனம்' நல்லது, 'இரசாயனம்' தீயது என்ற இரு சொற்களுக்கு இடையில் நெற்பயிருக்கு எவ்வளவு நைதரசன் வேண்டும், அது எங்கிருந்து வரும் என்ற கணக்கு மறைந்துபோயிற்று. அக்கணக்கை வகுப்பில் செய்து பழகிய ஆசிரியரும் மாணவரும் நாட்டில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. அப்போகத்து நெல் விளைச்சல் வெகுவாகக் குறைந்தது.